முன்னூறு பேர் கேட்ட விசில்

சிரிப்பு வரும், கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஜெனிஸ்டன் வாயைத் திறந்தால் சிரிக்காத ஆள் கோணத்துறையில் கிடையாது என்பது கடற்கரை முழுக்கத் தெரிந்த சங்கதி. அதனால்தான் ரோஸ்லெட் டீச்சர் கதவைத் திறந்ததும், அவனைச் செருப்பைக்கூடக் கழற்ற விடாமல், குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "மக்கா, சாரு சொல்லியத அப்பிடியே எழுதிக் குடு. எழுதி முடிச்சபொறவு அவர ஒரே ஒரு தடவை சிரிக்க வச்சிட்டுப் போணும், கேட்டியா. பதினேழு நாளாச்சு இந்த வீட்டுல ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டு. உன் வாயால முடியாததா?" முடியும் டீச்சர், விலா நோகச் சிரிக்க வைக்கிறேன் என்று அவனும் சொல்லிவிட்டான். சொல்லும்போதே அந்தக் 'கேட்டியா'வின் வாலில் தொங்கிய கெஞ்சலை அவன் நாக்கு பிரதி எடுத்து வைத்துக்கொண்டது. நாக்கு அப்படித்தான். சாவு வீட்டுக்குப் போனாலும் செத்தவர் முகத்தைப் பார்க்காது, அழுகிறவளின் மூக்கடைப்பைத்தான் பார்க்கும். பங்குச் சாமியார், பஸ் கண்டக்டர், மீன் ஏலம் விடுகிற ஸ்டெல்லாக்கா, காவல் நிலையத்து எஸ்.ஐ. எல்லாரும் அந்தப் பதினேழு வயது வாய்க்குள் ஒரே குடும்பமாகக் குடியிருக்கிறார்கள், சண்டை சச்சரவு கிடையாது. அந்தக் குடும்பத்தில் இந்த வீட்டுக்காரரும் உண்டு, ஏசுவடியான் சார், பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார், "லேய், முட்டிய மடக்கி ஓடுலே, நீ என்ன கோயில் சப்பரமா?" என்று எட்டாம் வகுப்பிலிருந்து அவனை விரட்டியவர். கடற்கரையில் எந்த ஊரில் இறுதி ஆட்டம் என்றாலும் ரெஃப்ரி அவர்தான், கடலோரத்தில் பிறக்காத உள்நாட்டுக்காரர், எந்தக் கடற்கரை ஊரிலும் மச்சானோ மாமனோ இல்லாதவர். அவரைச் சிரிக்க வைக்க வேண்டும். ஆனால் சிரிப்புக்கு முன்னால் ஒரு கடிதம் இருக்கிறது, கடிதத்துக்கு முன்னால் ஒரு விசில் இருக்கிறது, பொறுக்க வேண்டும்.

"பெறுநர், தலைவர், கடலோரக் கால்பந்துக் கூட்டமைப்பு. எழுதியாச்சா?" எழுதியாச்சு சார். சார் எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். வலது கை மாவுக்கட்டில், கழுத்திலிருந்து தொங்குகிறது, அதனால்தான் எழுத ஆள் தேவைப்பட்டது. இடது காதில் பஞ்சு. அந்தக் காது போய்விட்டது, இனி வராது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். வலது காதை அவன் பக்கமாகத் திருப்பி, கோழி தானியத்தைப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்து, அவன் 'ம்' சொல்கிறானா என்று ஒவ்வொரு வரிக்கும் காத்திருக்கிறார். எத்தனையோ பையன்கள் இருக்க எதற்கு என்னைக் கூப்பிட்டார், என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தான், தெரிந்துவிட்டதோ, கதவைச் சாத்திவிட்டுக் கேட்பாரோ என்று. ஒன்றுமில்லை. "உன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்லா, அதான்" என்றார். அச்சு மாதிரி. கையெழுத்துகூட அவனுடையது இல்லை, ஆறாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிய தமிழ் ஐயாவுடையது, பார்த்துப் பழகி எடுத்துக்கொண்டது. "ஐயா, கழிந்த இருபத்துநாலாம் தேதி கோணத்துறைக்கும் வெள்ளிவிளைக்கும் நடந்த இறுதி ஆட்டத்தில் நடுவராக இருந்த நான்." இந்த 'நான்' என்ற இடத்தில் சார் நின்றார். அவனும் பேனாவை நிறுத்தினான். மேலே ஃபேன் ஒரு சுற்றுக்கு ஒரு முறை 'டிக்' என்றது, நாக்கு அதையும் எடுத்துக்கொண்டது. நான் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் வெள்ளைத் தாள், கோடு போட்டது, காலியாக. அதில் என்ன எழுத வேண்டும் என்று இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும், அந்த ஆள் பேனாவைப் பிடித்துக்கொண்டு ஃபேன் சத்தத்தைப் படித்துக்கொண்டிருக்கிறான்.

"ஆட்டம் முடிய நான்கு நிமிடம் மீதி இருக்கையில், தவறுதலாக, முடிவு விசிலை ஊதிவிட்டேன்." எழுதினான். தவறுதலாக என்பதில் எத்தனை எழுத்து, ஒவ்வொன்றும் வடிவாக விழுந்தது. நாலு நிமிடம். அந்த நாலு நிமிடம் முடியவே இல்லை, பதினேழு நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்றுக்குப் பூஜ்யம், கோணத்துறை முன்னால். பள்ளிக்கூடத்து மைதானம் மாதிரி இல்லை அது, கோயிலுக்கும் கடலுக்கும் நடுவே மணலும் புல்லுமாக ஒரு பரப்பு, சுற்றி ஒரே ஒரு வடக்கயிறு, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜனம். கோல் வலை கடைச் சாமான் இல்லை, கிழிந்துபோன பழைய மீன் வலைதான், மூங்கில் கம்பத்தில் கட்டியிருப்பார்கள். அந்த வலைக்குத்தான் எல்லாம். ஜெயித்த ஊர், ஜெயித்த கோல் விழுந்த அந்த வலையை அறுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கோயிலைச் சுற்றி வர வேண்டும், பிறகு துண்டு துண்டாக்கி ஒவ்வொரு வள்ளத்தின் மூக்கிலும் கட்ட வேண்டும். வலையை முதலில் தொட்டவனுக்கு நடுத்துண்டு. அவன் வள்ளத்துக்கு அந்த வருஷம் மீன் தானாக வந்து ஏறும் என்று ஒரு பேச்சு. அதனால் எந்த இறுதி ஆட்டத்திலும் கடைசிப் பத்து நிமிடம் பந்தை யாரும் பார்ப்பதில்லை. கயிற்றுக்கு அடியில் ஒரு காலை நீட்டிவைத்து, ரெஃப்ரியின் கன்னத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், எப்போது உப்பும் என்று. மைக்கில் அறிவிப்பாளர் தொண்டை கிழியக் கத்துவார், "அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே, கயித்துக்கு வெளியே, கயித்துக்கு வெளியே, இது உங்க சொந்த ஆட்டமா நெனச்சு ஒத்துழைக்கணும்" என்று. சொந்த ஆட்டமாக நினைத்ததுதான் வினை. வலை எடுப்பை நிறுத்துங்கள், என்றைக்காவது ஆபத்து வரும், என்று சார் ஆட்டத்துக்கு முன்னால் கமிட்டியிடம் சொன்னாராம். "சாரு விசில பாத்துக்கிடுங்க, வலைய நாங்க பாத்துக்கிடுதோம்" என்று சிரித்தார்களாம். அப்போதும் ஒரு சிரிப்பு இருந்தது, ஆனால் அது முதலில் சொன்ன சிரிப்பு இல்லை.

பக்கத்தில் சுபின் நின்றான். அதுதான், சுபின் நின்றான், அவ்வளவுதான் காரணம், வேறு பெரிய காரணம் எதுவும் தேடினாலும் கிடைக்கவில்லை, பதினேழு நாளாகத் தேடுகிறான். கூட்டாளி, இருபது வயது, வள்ளத்தில் போகிறவன், அந்த நடுத்துண்டுக்காக லுங்கியை அவிழ்த்துவிட்டு டவுசரோடு ஓட்டப்பந்தயக்காரன் மாதிரி குனிந்து நின்றான், பின்பக்கம் வானத்தைப் பார்க்க. அந்தப் பின்பக்கத்தைப் பார்த்ததும் ஜெனிஸ்டனுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. இவனை மட்டும் கிளப்பிவிட்டால்? முன்னூறு பேர் பார்க்க, ஆட்டம் நடக்கும்போதே, டவுசரோடு நடு மைதானத்தில் இவன் மட்டும் தன்னந்தனியாக ஓடினால்? வருஷம் முழுக்கச் சொல்லிச் சிரிக்கலாம், கல்யாணத்தில்கூடச் சொல்லலாம். கீழுதட்டை உள்ளே மடித்தான். நாக்கின் நுனியை அண்ணத்தில் ஒட்டினான், அடியில் ஒரு சொட்டு எச்சில், அந்த எச்சில்தான் விசிலுக்குள் உருளுகிற தக்கை. எட்டாம் வகுப்பில் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பழகியது, ஒரு முழு மழைக்காலம். மனிதர் குரல் யாருக்கும் வரும், விசில் வராது. சாருடைய விசில் வரவே வராது, முதலில் சின்னது ஒன்று, சின்னது இரண்டு, மூன்றாவது நீளம், நீளத்தின் கடைசியில் மூச்சு தீரும்போது ஒரு சின்னத் தடுமாற்றம், ஏதோ சொல்ல வந்து விட்டுவிட்டது மாதிரி. அந்தத் தடுமாற்றம் வரைக்கும் வந்தது. சுபினின் காதுக்குத்தான் ஊதினான். ஆனால் காற்று கடலிலிருந்து கரைக்கு அடித்தது, அந்தக் கணம் பார்த்து மைக்குக்காரர் மூச்சு வாங்க நிறுத்தியிருந்தார், பந்து கோட்டுக்கு வெளியே போய்க்கொண்டிருந்தது, சார் முதுகைக் காட்டி அதன் பின்னால் கடல் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார், எல்லாம் ஒத்துழைத்தது, அறிவிப்பாளர் கேட்டுக்கொண்டபடி. கயிறு ஒரு பெருமூச்சு விட்டு அறுந்தது. முன்னூறு பேர். சுபின் தன்னந்தனியாக ஓடவில்லை. ஒரு விநாடி, ஒரே ஒரு விநாடி, ஜெனிஸ்டனின் நெஞ்சு பூரித்துப்போனது. ஐயோ, எல்லாருமா, எல்லாருமே நம்பிட்டானுவளா, என்று.

"அதைத் தொடர்ந்து ரசிகர்கள் மைதானத்துக்குள் நுழைந்தார்கள்." நுழைந்தார்கள் என்று எழுதினான். சார் சொல்லும்போது அது ஏதோ கல்யாண மண்டபத்துக்குள் நுழைவது மாதிரி இருந்தது. வெள்ளிவிளைக்காரர்கள் எதிர்ப்பக்கத்துக் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தார்கள், ஆட்டம் முடியல்லலே, நாலு நிமிஷம் கெடக்குலே, களவாணிப் பயலுவளா என்று. அவர்களுடைய கோல்கீப்பர் ஷாஜன், பத்தொன்பது வயசு, தன் வலைக்கு முன்னால் கைகளை விரித்து நின்றான், வலையைக் காப்பாற்ற, அதுவும் அவன் வேலைதானே. அவனோடு சேர்த்து வலையை இழுத்தார்கள். மேல் மூங்கில் விழுந்தது, அவன் இடுப்பின் மேல், மூங்கிலின் மேல் ஆள், ஆளின் மேல் ஆள், இடுப்பு முறிந்தது. சார் விசில் ஊதிக்கொண்டு நடுவே ஓடினார், ஊதினார், ஊதினார், எந்த விசிலைத்தான் அன்றைக்கு யாரும் கேட்கவில்லையோ அது அவருடையது. "முடியல்லலே! நான் ஊதல்லலே! வெளிய போங்கலே!" என்று கையை ஆட்டினார். சுபினின் கையில் ஒரு மூங்கில் துண்டு இருந்தது. அதை ஜெனிஸ்டன் கண்ணால் கண்டான். நடுத்துண்டு கைக்கு வந்த நேரம் பார்த்து ஒருவன் ஆட்டம் முடியவில்லை, போ என்கிறான். சுபினின் கை ஒரு தரம் உயர்ந்து சாரின் காதில் இறங்கியது, தடுக்க வந்த கையில் இரண்டாவது. அன்றைக்கு ராத்திரி சுபின் சோறு தின்றான், சாளை மீன் வறுத்தது, இவனும் பக்கத்தில் இருந்தான். "ஊதிட்டு ஊதல்லன்னா அடி கிட்டாதா பின்ன? ஏமாத்துப்பய ரெஃப்ரி" என்று முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்தான். நல்ல உறக்கம் அவனுக்கு.

யார் மேல் குற்றம்? ஜெனிஸ்டன் பாயில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு குரலாக எடுத்துப் போட்டுப் பார்த்திருக்கிறான், தனக்குள்ளேயே ஒரு பஞ்சாயத்து, எல்லா ஆளும் அவன் வாயிலேயே இருப்பதால் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. சாமியார் வருவார், மூக்கால், "பிரியமானவர்களே, சாத்தான் நம்முடைய மைதானத்துக்குள் நுழைந்தான்." சாத்தான் கயிற்றுக்கு எந்தப் பக்கம் நின்றான் சாமி? கமிட்டித் தலைவர், ஏப்பத்தோடு, "பொதுஜனம் உணர்ச்சிவசப்பட்டுட்டு. ரெஃப்ரி ஒரு நிமிஷம் பொறுத்து ஊதியிருக்கலாம்." எஸ்.ஐ., பல்லைக் கடித்து, "எட்டுப் பேரு மேல கேசு, இந்த ஊருக்கு நாலு அந்த ஊருக்கு நாலு, கணக்கு சரி, கெளம்பு." அறிவிப்பாளர், "நான் கயித்துக்கு வெளியேன்னு சொன்னேன், ரெக்கார்டு இருக்கு." கயிறு வாங்கிவந்தவர், "நல்ல கயிறுதான், கடைக்காரன் ஏமாத்திட்டான்." சுபின், "எல்லாரும் ஓடினான், நானும் ஓடினேன்." எல்லாரும், ஒரே குரலில், முன்னூறு குரல் சேர்ந்த ஒரே குரல், அதையும் அவனால் செய்ய முடியும், "விசில் கேட்டுது, நாங்க ஓடினோம்." ஆமாம், விசில் கேட்டது, ஆனால் விசிலா மூங்கிலைத் தூக்கியது? விசில் சத்தத்துக்குக் கையா இருக்கிறது? அவன் வாயை மட்டும்தான் குவித்தான். ஒரு வாய் குவிந்ததற்கு ஒரு காது, ஒரு இடுப்பு, இரண்டு ஊர் பேச்சுவார்த்தை இல்லை, இது என்ன நியாயம், ஓடியவன் ஓடாமல் இருந்திருக்கலாம், அடித்தவன் அடிக்காமல் இருந்திருக்கலாம். இந்த இடத்துக்கு வந்ததும் அவனுக்குக் கொஞ்சம் மூச்சு வரும், திரும்பிப் படுப்பான். திரும்பிப் படுத்த பக்கத்தில் அந்த ஒரு விநாடி காத்திருக்கும், எல்லாருமே நம்பிட்டானுவளா என்ற பூரிப்பு. பிறகு எழுந்து உட்கார்ந்துவிடுவான். அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு, அதை அவன் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்ல மாட்டான். இந்தக் கடற்கரையில் இதுவரை யாரும் செய்யாத ஒரு வித்தையைச் செய்திருக்கிறான், முன்னூறு பேரை ஒரு சொட்டு எச்சிலால் நகர்த்தியிருக்கிறான், அதற்கு ஒருவன்கூடக் கைதட்டவில்லை. ஒருவனுக்கும் தெரியாது. பள்ளி ஆண்டு விழாவில் ஹெட்மாஸ்டர் தும்முவது மாதிரிச் செய்ததற்கு எவர்சில்வர் டம்ளர் கொடுத்தார்கள்.

"மக்கா, அடுத்தது எழுது. இதைச் செய்ததாக எனக்கு நினைவு இல்லை." பேனா நின்றது. "என்னலே பாக்க? எழுது. நெனவு இல்லதானே, அதையும் சொல்லணும்லா, பொய் சொல்லப்பிடாது." சார் இடது கையால் மாவுக்கட்டின் ஓரத்தைச் சுரண்டினார். "மொதல்ல நான் ஊதல்லன்னுதான் சொன்னேன், ஸ்டேஷன்லயும் சொன்னேன், கூட்டமைப்புலயும் சொன்னேன். அப்பொறம் ஒவ்வொருத்தனா வந்து சொல்லியான். கோட்டோரம் நிக்கிய என் கொடிக்காரனே சொல்லியான், சாரே, எனக்குக் கேட்டுது, ரெண்டு சின்னது ஒரு நீளம், உங்க விசிலுதான்னு. முன்னூறு பேரு சேர்ந்து பொய் சொல்லுவானாலே? சொல்ல மாட்டான். அப்பம் என்ன அர்த்தம்?" அவர் நெற்றியை விரலால் தட்டினார். "எங்க அப்பா, அறுபது வயசுல, தின்னுட்டு தின்னல்லன்னு சொல்லுவாரு. அம்மைய யாருன்னு கேப்பாரு. அவருக்கு அறுபதுல தொடங்கினது எனக்கு அம்பத்தி நாலுல தொடங்கிருக்கு, அவ்வளவுதான்." அவ்வளவுதான் என்பதைச் சாதாரணமாகத்தான் சொன்னார், மழை வரும்போலிருக்கு என்பது மாதிரி. அடுக்களையில் பாத்திரம் உருளும் சத்தம் நின்றது. டீச்சர் கேட்டுக்கொண்டிருக்கிறாள். வியாழக்கிழமை தலைக்கு ஸ்கேன் எடுக்கக் குறித்திருக்கிறார்களாம், டீச்சர் வாசலில் சொன்னதில் அதுவும் இருந்தது. இப்போதெல்லாம் கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று நான்கு தரம் எழுந்துபோய்ப் பார்க்கிறாராம். சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுப் போட்டேனா என்று தடவிப் பார்க்கிறாராம். ஜெனிஸ்டன் எழுதினான். இதைச் செய்ததாக எனக்கு நினைவு இல்லை. அவனுக்கு இருக்கிறது, இரண்டு ஆளுக்குமான நினைவு அவனிடமே இருக்கிறது. காது போனது சுபினின் கணக்கு என்று எப்படியோ ஒதுக்கிவைத்திருந்தான், ஷாஜனின் இடுப்பு மூங்கிலின் கணக்கு. இது யாருடைய கணக்கு? இந்த மனிதர் தன் தலைக்குள் திருடன் புகுந்துவிட்டான் என்று கதவு கதவாகத் தட்டிப் பார்க்கிறாரே, இதில் முன்னூறு பேர் கிடையாது, கூட்டம் கிடையாது, இது முழுக்க ஒரே ஆளுடையது.

சொல்லிவிடலாம். மூன்றே சொல், சாரே, அது நான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சொல்லிப் பார்த்தான். முதலில் அது அறிவிப்பாளர் குரலில் வந்தது, அன்பார்ந்த சாரே, என்று. இரண்டாம் தரம் ஸ்டெல்லாக்கா, நான் நான் நான் ஒரு தரம், நான் ரெண்டு தரம். பிறகு ஒரு சினிமா வில்லன். பிறகு சாமியார். கடைசியில் சாருடைய குரலிலேயே சாரிடம் சொன்னான். பக்கத்து சீட்டில் இருந்த பெண்பிள்ளை குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தன்னுடைய குரல் எப்படி இருக்கும் என்று யோசித்தான், யாராவது என்னைப்போலப் பேசிக்காட்டினால் எப்படிப் பேசுவான், ஒருவனும் இதுவரை செய்துகாட்டியதில்லை. சொன்னால் என்ன ஆகும்? அம்மா, "உன் வாய மீன் கத்தியால அறுத்துருவேன்லே." வெள்ளிவிளைக்காரர்கள் சொல்லவே மாட்டார்கள், செய்துவிடுவார்கள். கோணத்துறைக்காரர்கள் அதைவிட. எட்டுப் பேர் வழக்கு ஒன்பதாகும், அந்த எட்டுப் பேரும் விட்டுவிடுவார்களா, இவன்தான், இவன்தான் எங்களைக் கிளப்பிவிட்டான் என்று எல்லாக் கையும் இவன் பக்கம் நீளும், அப்போது ஓடியவன் அடித்தவன் மூங்கிலை இழுத்தவன் எல்லாரும் கழுவிய கையாகிவிடுவார்கள். சொல்லாவிட்டால்? சார் கையெழுத்து போடுவார். கூட்டமைப்புத் தலைவர் சொல்லியிருக்கிறார், சார் ஒரு வார்த்தை எழுதிக்கொடுத்தால் இரண்டு ஊரும் சமாதானம், வழக்கும் நீர்த்துப்போகும், யாருக்கும் நட்டமில்லை. சார் இனி விசில் ஊத முடியாது, அவ்வளவுதான், ஒரு காதுக்காரர் எப்படியும் ஊதவா போகிறார். எல்லாருக்கும் நல்லது. எல்லாருக்கும் என்றால் சாரைத் தவிர. நல்ல ஏற்பாடு, ஒரு ஆளின் தலையைக் கிறுக்கு என்று எழுதி வாங்கிக்கொண்டால் முன்னூறு பேருக்குத் தலை நிமிர்ந்துவிடுகிறது, அதை எழுதிக்கொடுக்க ஒரு நல்ல கையெழுத்து வேண்டும்.

"ஆகவே இந்தச் சம்பவத்துக்கு நானே முழுப் பொறுப்பு ஏற்கிறேன். இனி எந்த ஆட்டத்துக்கும் நடுவராக இருக்க மாட்டேன். இப்படிக்கு." எழுதியாச்சு சார். முடிந்துவிட்டது, ஒன்றேகால் பக்கம், ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. சார் தாளைத் தன் பக்கமாகத் திருப்பி வைத்தார். பேனாவை இடது கையில் வாங்கினார். இடது கையால் போட்டுப் பழகிய கையெழுத்து, பக்கத்தில் ஒரு நோட்டில் நாற்பது ஐம்பது தரம் எழுதிப் பார்த்திருந்தார், கிறுக்கல், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி. பேனா தாளைத் தொடவில்லை. "லேய் ஜெனி." "சார்." "நீ அண்ணைக்கு அங்கதானே இருந்த. உனக்கும் கேட்டுதா?" ஃபேன், டிக். "கேட்டுது சார்." அது பொய் இல்லை, எல்லாரையும்விடப் பக்கத்திலிருந்து கேட்டவன் அவன்தான். "எனக்கு அது ஒரு தடவை கேக்கணும்லே. ராத்திரி எல்லாம் கண்ண மூடி, கேக்குதா கேக்குதான்னு பாக்கேன், ஒண்ணும் வரல்ல. கடல் சத்தம்தான் வருது. நான் ஊதினதுதான்னு எனக்கு உள்ள பட்டுட்டுன்னா நிம்மதியாப் போட்டுருவேன். நீ எல்லாச் சத்தமும் வாயால காட்டுவல்லா. அது எப்பிடி இருந்துன்னு காட்டு பாப்போம். சும்மா, உனக்குத் தெரிஞ்ச மாதிரி."

உனக்குத் தெரிஞ்ச மாதிரி. தப்பாகச் செய்துவிடலாம், எவ்வளவு சுலபம், பள்ளிக்கூடத்தில் எல்லாப் பையனும் செய்வது மாதிரி, உதட்டைக் குவித்து ஒரு 'பீ பீ', சின்னப் பிள்ளை ஊதுகுழல் மாதிரி. சார் தலையை ஆட்டுவார், ஆமா அப்பிடித்தான் இருந்திருக்கும் என்பார், கையெழுத்து விழும், டீச்சர் தேயிலைத் தண்ணீர் தருவாள், அதற்குப் பிறகு ஹெட்மாஸ்டர் தும்முவதைச் செய்துகாட்டிச் சிரிக்க வைத்துவிட்டு நாலரை பஸ்ஸைப் பிடிக்கலாம். தப்பாகத்தான் செய்யப் போகிறேன் என்று அவன் முடிவு செய்தான், சத்தியமாக முடிவு செய்தான். சார் கண்ணை மூடிக்கொண்டு, நல்ல காதை அவன் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார், அந்தக் காதின் ஓரத்தில் நரைமுடி இரண்டு, உள்ளே போகும் இருட்டு வழி. இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு ஆசையாக, அவன் வாயை இதுவரை யாரும் கேட்டதில்லை. கீழுதடு உள்ளே மடிந்தது. நாக்கு அண்ணத்தைத் தொட்டது. அடியில் ஒரு சொட்டு, வேண்டாம் என்று நினைக்கும்போதே ஊறிவிட்டது. சின்னது ஒன்று. சின்னது இரண்டு. நீளம், அறையின் நான்கு சுவரிலும் பட்டு, கண்ணாடி அலமாரி அதிர, தக்கை உருளும் அந்தக் கடகடப்போடு, கடைசியில் மூச்சு தீருமிடத்தில், ஏதோ சொல்ல வந்து விட்டுவிட்ட அந்தத் தடுமாற்றம்.

சார் கண்ணைத் திறந்தார். வாய் பிளந்திருந்தது. பிறகு சிரித்தார், பதினேழு நாள் சிரிப்பும் ஒன்றாக, தோள் குலுங்க, மாவுக்கட்டு மேசையில் இடிக்க, கண்ணில் நீர் வர, "லேய், லேய், நீ மனுசனாலே, அப்பிடியே உரிச்சு வச்சிருக்கியே, அந்த இழுப்பு, எனக்கு மூச்சு முட்டுத அந்த இழுப்புகூட" என்று சொல்ல முடியாமல் சிரித்தார். ஜெனிஸ்டனும் சிரித்தான், வேறு என்ன செய்ய, கைதட்டல் கிடைத்துவிட்டது. அடுக்களையிலிருந்து டீச்சர் கையில் கரண்டியோடு ஓடிவந்தாள், முகம் வெளுத்துப்போய். "வேண்டாம்னு தலையில அடிச்சுச் சொன்னேம்லா! திரும்பவும் அந்த எழவ எதுக்கு எடுத்து ஊதுதீங்க? எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?" சார் சிரித்துக்கொண்டே வெறும் இடது கையை விரித்துக் காட்டினார். "எங்கிட்ட எங்கடீ இருக்கு, விசிலு ஸ்டேஷன்லல்லா கெடக்கு." "பின்ன இப்பம் ஊதினது யாரு?" "நானுன்னா நெனச்ச?" "நெனைக்கது என்ன?" என்றாள் டீச்சர், கோபம் ஆறாமல். "இருபத்தாறு வருசமா கேக்கேன். உங்க விசிலு எனக்குத் தெரியாதா? நீங்கதான் ஊதினீங்க, எந்தக் கோயில்ல வேணும்னாலும் வந்து சொல்லுவேன்."

சாரின் சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது, ஆனால் அது அங்கே தனியாக இருந்தது, இறங்க மறந்துபோன மாதிரி. டீச்சரைப் பார்த்தார். அவள் கையிலிருந்த கரண்டியைப் பார்த்தார். தாளைப் பார்த்தார், அதில் நானே முழுப் பொறுப்பு என்று அச்சு மாதிரி எழுதியிருந்ததை விரலால் தொட்டுப் பார்த்தார். பேனாவை மேசையில் வைத்தார், அது உருண்டது, யாரும் பிடிக்கவில்லை. கடைசியில் அவர் ஜெனிஸ்டனின் முகத்தைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தார், இன்னும் ஈரமாக இருந்த அந்தக் கீழுதட்டை. காதைத் திருப்பவில்லை, தலையைச் சாய்க்கவில்லை.

"ஜெனி," என்றார். "அண்ணைக்கு நீ எங்கலே நின்ன?"